மைனஸ் 40-ல் ஒரு கோழிக்கூண்டு

மைனஸ் 40 டிகிரி. செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டியதில்லை. இரண்டு அளவும் சந்தித்துக்கொள்ளும் ஒரே இடம் அதுதான். அலாஸ்காவின் நடுப்பகுதியில் இருக்கும் ஃபேர்பேங்க்ஸ் ஊர்க்காரர்களுக்கு இது பாடப் புத்தகக் கணக்கு அல்ல. கதவைத் திறந்தால் முகத்தில் அறைகிற கணக்கு.

அந்தக் குளிர் வந்துவிட்டால் ஊரில் ஒரு வேடிக்கை நடக்கும். பல்கலைக்கழக வாசலில் வெப்பநிலையைக் காட்டும் மின்பலகை ஒன்று உண்டு. அது மைனஸ் 40-ஐத் தொட்டதும் நீச்சலுடையோடு ஓடிவந்து, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, வந்த வேகத்திலேயே காருக்குள் பாய்ந்துவிடும் ஒரு கூட்டம். வடதுருவ ஒளி பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகளோ, கொதிக்கும் வெந்நீரைக் காற்றில் வீசுவார்கள். அது தரையில் விழுவதற்குள் வெண்புகையாகிக் கரைந்துவிடும்.

இதெல்லாம் ஐந்து நிமிட விளையாட்டு. ஊரைச் சுற்றியுள்ள பிர்ச் மரக் காடுகளுக்கு நடுவே, வீட்டுக் கொல்லையில் ஒரு சின்ன மரக் கொட்டகை நிற்கும். அதன் கூரையோரத் துவாரத்திலிருந்து மெல்லிசாக ஆவி வந்துகொண்டிருக்கும். உள்ளே பத்துப் பன்னிரண்டு கோழிகள், ஒன்றோடொன்று ஒட்டி, இறகை உப்பிக்கொண்டு, பந்து பந்தாக உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு இந்தக் குளிர் ஐந்து நிமிடம் அல்ல; அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை.

ஃபேர்பேங்க்ஸ் தங்கத்தால் பிறந்த ஊர். 1901-ல் சீனா ஆற்றங்கரையில் ஒரு வியாபாரி கடை போட்டார். (சீன தேசத்துக்கும் இந்த ஆற்றுக்கும் சம்பந்தமில்லை, பெயர் மட்டும் அப்படி.) அடுத்த ஆண்டே பக்கத்துக் குன்றுகளில் தங்கம் கிடைத்தது. ஊர் முளைத்துவிட்டது. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றே தெற்கில் இருப்பதால் டிசம்பர் 21-ம் தேதி வாக்கில் சூரியன் காலை 11 மணிக்கு எட்டிப் பார்த்து, பகல் 2.40-க்கெல்லாம் போய்விடும். கோழி கூவியா பொழுது விடிகிறது என்பார்களே, அதை இந்த ஊர்ச் சேவல்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை நம்பி அது பாட்டுக்குக் கூவும். விடிவதற்கு இன்னும் நான்கைந்து மணி நேரம் பாக்கி இருக்கும்.

ஜனவரி மாதச் சராசரியே மைனஸ் 22 செல்சியஸை ஒட்டி இருக்கும். 1934 ஜனவரியில் மைனஸ் 54 வரை இறங்கியிருக்கிறது. இதில் ஒரு விசித்திரம், மலையேறினால் குளிரும் என்ற நம் கணக்கு இங்கே தலைகீழ். காற்றே வீசாத குளிர்கால இரவுகளில் கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்கிவிடும். குன்றின் மேல் இருப்பவர் வீட்டில் மைனஸ் 25 என்றால், கீழே பள்ளத்தாக்கில் குடியிருப்பவருக்கு மைனஸ் 40. கார்ப் புகையும் அடுப்புப் புகையும் உறைந்து, பனித்தூள் மூட்டமாக ஊர் மேல் படுத்துக்கொள்ளும். இரவெல்லாம் நிறுத்தி வைத்த காரின் டயர், தரையில் பட்ட இடம் தட்டையாக இறுகி, காலையில் கொஞ்ச தூரம் தடக் தடக்கென்று சதுரச் சக்கரம் போல ஓடும். இன்ஜினைச் சூடாக வைத்திருக்க, செல்போனுக்குச் சார்ஜ் போடுவது போல காருக்கும் இரவில் பிளக் மாட்டி வைக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்குக் கோழி எங்கிருந்து வருகிறது? தபாலில் வருகிறது!

அமெரிக்கத் தபால் துறை 1918 முதல் ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சுகளைப் பார்சலாக ஏற்றுக்கொள்கிறது. முட்டையை விட்டு வெளியே வருவதற்குச் சற்று முன்பு மஞ்சள் கருவின் மிச்சத்தைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தக் கட்டுச்சோறு இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். தெற்கே உள்ள மாநிலங்களின் குஞ்சுப் பொரிப்பகங்களிலிருந்து காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி விமானத்தில் ஏறி, வசந்த காலத்தில் ஃபேர்பேங்க்ஸ் வந்து சேர்கிறது. கீச் கீச் சத்தம் தபால் நிலையத்துக்கே பண்டிகைக் களை கொடுத்துவிடும்.

புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரை ஒட்டி ராணுவ முகாமும் விமானப்படைத் தளமும் இருப்பதால், டெக்சாஸ் போன்ற வெயில் ஊர்களிலிருந்து மாற்றலாகி வருபவர்கள் நிறையப் பேர். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று மே மாதம் பத்துக் குஞ்சுகள் வாங்கிவிடுகிறார்கள். ஜூனில் இருபத்திரண்டு மணி நேர வெளிச்சம். குஞ்சுகள் புல்லும் புழுவும் தின்று மளமளவென்று வளர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. செப்டம்பர் வாக்கில் முதல் முட்டை. அதே செப்டம்பரில் முதல் பனி.

அக்டோபரில் வருகிறது கேள்வி. பழைய ஆட்கள் இதைத் தயங்காமல் கேட்பார்கள்: வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, ஃப்ரீசரில் போடப் போகிறீர்களா? கோடைக்கு மட்டும் வளர்த்து, உறைபனிக்கு முன் அறுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே பரவலாக உண்டு. ஏழு மாதம் தீவனமும் மின்சாரமும் கொடுத்துக் காப்பாற்றுவதைவிட அடுத்த வசந்தத்தில் புதிய பெட்டி வாங்குவது லாபம். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பெயர் வைத்த கோழியைக் கணக்குப் பார்த்து அறுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? அந்த வீட்டுப் பிள்ளைகள் அழுகிறார்கள். கோழிகள் பிழைத்துக்கொள்கின்றன, அக்டோபருக்கு மட்டும்.

முதல் கடும் குளிர் இரவில் அந்தக் குடும்பம் செய்வது, அந்த இடத்தில் யாராக இருந்தாலும் செய்யத் தோன்றுவதுதான். கூண்டின் எல்லா இடுக்கையும் அடைக்கிறார்கள். ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் உறை. கூரையோரத் துவாரத்தில் கந்தைத் துணி. கதவுக்குக் கீழே பழைய கம்பளி. உள்ளே சூடு தங்கட்டும் என்று.

காலையில் திறந்து பார்த்தால் சுவர் முழுக்க உறைபனிப் பூ. கண்ணில் எரிச்சல் தரும் அமோனியா நெடி. சேவலின் கொண்டை நுனியில் வெள்ளையாக ஒரு திட்டு. சில நாட்களில் அது கருத்து, காய்ந்து, உதிரும். கோழியை அடித்தது குளிர் மட்டும் அல்ல, ஈரமும்.

ஒரு கோழி ஒரு நாளைக்குக் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் குடிக்கும். அதில் பெரும்பகுதி மூச்சாகவும் எச்சமாகவும் அந்தக் கூண்டுக்குள்ளேயே வெளியே வந்துவிடுகிறது. கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது, எல்லாம் எச்சத்தோடுதான். பத்துக் கோழி என்றால் தினமும் இரண்டு லிட்டர் தண்ணீரை ஒரு மூடிய பெட்டிக்குள் தெளித்த மாதிரி. அந்த ஈரம் கொண்டையிலும், தாடைக்குக் கீழே தொங்கும் சதையிலும் படிகிறது. உலர்ந்த கொண்டை தாங்கும் குளிரை நனைந்த கொண்டை தாங்காது. நனைந்த இறகும் அப்படியே. இறகுகளுக்கு நடுவே சிறைப்பட்ட காற்றுதான் கோழியின் கம்பளி. அது ஈரமாகிவிட்டால் கம்பளி போயிற்று.

வெளியே இருக்கும் மைனஸ் 40 காற்று எலும்பு வரை உலர்ந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் கால் கிராம் நீராவிகூட இருக்காது. அதைக் கொஞ்சம் உள்ளே விட்டால், கூண்டின் சூட்டில் அது தாகத்தோடு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மேலே எழும்பும். கூரையோரம் ஒரு வழி இருந்தால் வெளியே போய்விடும். கொட்டகைத் துவாரத்தில் ஆவி வருவது கூண்டு மூச்சுவிடுகிறது என்பதற்கு அடையாளம். துவாரம் கோழிகளின் தலைக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் கோழி மேல் நேராகக் காற்று அடிக்கக் கூடாது. அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் கை நடுங்கும் குளிரில், அந்தக் கந்தைத் துணியைப் பிடுங்கி எறியத்தான் மனசு வராது.

கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரிக்கும் மேல். நம் உடம்பில் அந்த அளவு ஏறினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். அது ஒரு சின்னக் கணப்பு. இரவில் தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டு, கால்மேல் வயிற்றை இறக்கி உட்கார்ந்துவிட்டால், வெளியே தெரிவது இறகுப் பந்து மட்டும். இதற்காகவே அவை அடையும் கட்டையைக் கவனித்துப் போடுகிறார்கள். உருண்டைக் கம்பு என்றால் விரல்கள் சுற்றிப் பிடிக்கும்; விரல் நுனி அடிப்பக்கம் வெளியே தெரியும், உறைந்துவிடும். அதனால் நான்கு விரற்கடை அகலப் பலகையைப் படுக்கவைத்துப் போடுகிறார்கள். கோழி அதில் தட்டையாக நின்று, விரல்களையும் சேர்த்து வயிற்றால் மூடிக்கொள்ளும். உலோகக் குழாய் கூடவே கூடாது.

எந்தக் கோழி என்பதும் முக்கியம். ரம்பப் பல் மாதிரி நிமிர்ந்து நிற்கும் பெரிய கொண்டை அழகுதான், ஆனால் ஃபேர்பேங்க்ஸில் அது ஆபத்து. லெகார்ன் சேவல்கள் இதில் முதல் பலி. இந்த இடத்தில் ஒரு துறவியின் கதை வருகிறது.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஓகா என்ற ஊரில் டிராப்பிஸ்ட் மடம் ஒன்று இருந்தது. பாலாடைக்கட்டிக்குப் பேர்போன மடம். அங்கே கோழிப் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சகோதரர் வில்ஃப்ரிட் ஷாட்லென். கனடாவின் குளிருக்கென்று கனடாவிலேயே உருவான கோழி இனம் ஒன்றும் இல்லையே என்பது அவர் குறை. 1908-ல் ஆரம்பித்தார். கார்னிஷ், லெகார்ன், ரோட் ஐலண்ட் ரெட், வயண்டாட், பிளிமத் ராக் என்று ஐந்து இனங்களைக் கலந்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்தார். கொண்டை சிறுக்க வேண்டும், முட்டை குறையக் கூடாது, கறியும் இருக்க வேண்டும். பத்தாண்டுக்கும் மேலான பொறுமை அது. 1921-ல் அமெரிக்கக் கோழி வளர்ப்புச் சங்கம் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. பெயர் ஷான்டக்ளேர். தலையில் கொண்டை என்று சொல்வதற்குக் குட்டியாக ஒரு மெத்தை, தாடைச் சதை இருக்கிறதா இல்லையா என்கிற அளவு. உறைவதற்கு ஏதாவது இருந்தால்தானே உறையும்!

அந்த ஷான்டக்ளேரின் கால்களைப் பாருங்கள், மஞ்சள். அந்த மஞ்சளுக்கு ஒரு முகவரி உண்டு. உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் செங்காட்டுக் கோழி என்பது தெரிந்ததே. ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு அதனிடமிருந்து வரவில்லை, தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் விடிகாலையில் புதருக்குள்ளிருந்து கூவுமே, அதே கோழி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துளி, அலாஸ்காவில் மைனஸ் 40-ல் பலகைமேல் அடைந்திருக்கிறது.

மின்நெந்திக்குஉள்ள அடுத்த சிக்கல், ஹீட்டர் வைப்பதா வேண்டாமா என்பது. தெற்கே, மைனஸ் 20-ல், நல்ல இனமும் உலர்ந்த கூண்டும் இருந்தால் ஹீட்டரே தேவையில்லை என்பவர்கள் அதிகம். ஃபேர்பேங்க்ஸில் வாரக்கணக்கில் மைனஸ் 40 நிற்கும்போது அந்தத் தைரியம் பலருக்கு இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. சுவருக்குள் தெர்மோகோல் மாதிரியான அடைப்பு வைத்து, கூரையைத் தாழ்வாகப் போட்டு, சின்னதாக ஒரு ஹீட்டரும் வைக்கிறார்கள். ஆனால் எவ்வளவு சூடு? நம் வீட்டு ஹால் மாதிரி அல்ல. உறைநிலையை ஒட்டி இருந்தால் போதும். சற்றுக் கீழே போனாலும் பரவாயில்லை.

காரணம் உண்டு. இலையுதிர் காலத்தில் மெல்ல மெல்லக் குளிரைப் பார்த்துப் பழகும் கோழி, அதற்கேற்ற அடர்ந்த இறகோடு தயாராகிறது. எந்நேரமும் இதமான சூட்டில் வளர்ந்த கோழிக்கு அந்தப் பழக்கம் இல்லை. கரண்ட் போனால்? 2021 டிசம்பர் கடைசியில் ஃபேர்பேங்க்ஸில் பனிக்குப் பதில் மழை கொட்டியது. அது அப்படியே சாலையெங்கும் கட்டியாக இறுகியது. மரங்கள் பாரம் தாங்காமல் மின்கம்பிமேல் சாய, ஏராளமான வீடுகளில் மின்சாரம் நின்றது. அந்த மாதிரி இரவில் ஹீட்டரை மட்டுமே நம்பிய கூண்டின் கதி என்ன என்று யோசித்தால் போதும். நாய்க்கூண்டுகளும் அட்டைப்பெட்டிகளும் காலியாக, கைக்கெட்டும் இடத்தில் இருப்பது எதற்கு என்று அப்போது புரியும். கோழிகளை அள்ளிவந்து விறகடுப்பு எரியும் கூடத்தில் வைத்துக்கொள்ளத்தான். தரைவிரிப்பின் கதி பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இன்னொரு பயம் தீ. கம்பியில் தொங்கவிடும் 250 வாட் சிவப்பு விளக்கு மலிவு, எங்கும் கிடைக்கும். கீழே காய்ந்த மரச்சீவலும் வைக்கோலும். ஒரு கோழி பறந்து இடித்தால் போதும். வீட்டை ஒட்டிய கூண்டு என்றால் வீடும் சேர்ந்து போகும். நெருப்புத் தெரியாத எண்ணெய் ஹீட்டரும், சுவரில் பதிக்கும் தட்டை ஹீட்டரும் விலை அதிகம்தான். விளக்கைத் தூக்கி எறிந்துவிட்டு அதை வாங்குவது இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டாத நல்ல புத்தி.

தண்ணீர் ஒரு தினசரிப் போராட்டம். ஊருக்கு வெளியே குழாயே இல்லாத மரவீடுகள் நிறைய. நிலத்தடியில் நிரந்தரமாக உறைந்த மண். கிணறு தோண்டுவதும் குழாய் பதிப்பதும் பெரும் செலவு. அங்கே குடியிருப்பவர்கள் கேன்களில் தண்ணீர் பிடித்து வண்டியில் கொண்டுவருகிறார்கள், குளிப்பதற்குச் சலவைக்கடையில் காசு கொடுக்கிறார்கள். அப்படிச் சுமந்து வந்த தண்ணீரில் கோழிக்கும் பங்கு. அடியில் சூடேற்றும் தட்டு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு நாளைக்குப் பல நடை வெந்நீர். தீவனத்தை நிறைய வைத்துவிட்டுத் தண்ணீரை மறந்தால், கோழி தீவனத்தையும் தொடாது. தின்னாத கோழிக்கு உடம்பில் சூடு ஏது? அதனால் குளிர்காலத்தில் அவற்றுக்குச் சாப்பாடும் கூடுதல். சாயங்காலம் அடையப் போகும்முன் ஒரு கைப்பிடி தானியம். இரவெல்லாம் அது வயிற்றில் செரித்துச் சூடு கொடுக்கும். 150 கிலோமீட்டர் தெற்கே டெல்டா ஜங்ஷனில் வாற்கோதுமை விளைகிறது என்பது ஒரு சௌகரியம்.

முட்டையும் காத்திருக்காது. உறைந்தால் விரிந்து, ஓடு நெடுக வெடித்துவிடும். இட்டதும் எடுக்க வேண்டும். அந்த ராணுவக் குடும்பத்தின் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் கூண்டுக்கு ஓடுவது அதற்காகத்தான். கோட்டுப் பைக்குள் முட்டை வீட்டுக்கு வந்துசேரும்.

முட்டை இருக்கிறதே என்று கேட்கலாம். நாலு மணி நேரத்துக்கும் குறைவான பகலில் கோழி முட்டையிடாது. வெளிச்சம் அதன் கண் வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டின் வழியாகவே மூளைக்குப் போய், காலம் என்ன என்று சொல்கிறது. அதனால் கடிகாரம் வைத்த ஒரு சின்ன பல்பைப் போட்டு, பகலைப் பதினான்கு மணி நேரமாக்குகிறார்கள். விடிகாலையில் எரிய வைப்பதுதான் வழக்கம். இரவில் பட்டென்று அணைத்தால் கோழிகள் இருட்டில் தடுமாறி, கட்டையில் ஏற முடியாமல் தரையிலேயே தங்கிவிடும். இந்தக் குளிர்காலம் ஓய்வெடுக்கட்டும் என்று விளக்கே போடாதவர்களும் இருக்கிறார்கள். அதிலும் தப்பில்லை.

எல்லாம் செய்தாலும் மிஞ்சுவது சலிப்பு. மாதக்கணக்கில் நான்கு சுவருக்குள் இருக்கும் கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். இறகு பிடுங்கப்பட்ட இடம் குளிருக்குத் திறந்த ஜன்னல். முட்டைக்கோஸ் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால், அதைக் குத்திக் குத்தி ஊஞ்சலாட விட்டே ஒரு நாள் போய்விடும். வெளியே காத்திருப்பவர்களும் உண்டு. கரடி தூங்கப் போய்விட்டது, ஆனால் லிங்ஸ் என்னும் காட்டுப்பூனையும் கொம்பு ஆந்தையும் தூங்குவதில்லை. பனிக்கேற்ப வெள்ளையாகிவிடும் எர்மின், கீரியைவிடச் சின்னது, இரண்டு விரல் நுழையும் ஓட்டையில் புகுந்துவிடும். அதனால் அந்தக் கூரையோரத் துவாரத்துக்குக்கூட நெருக்கமான கம்பிவலை அடித்திருப்பார்கள். காற்று போகலாம், பல் போகக் கூடாது.

பிப்ரவரியில் பகல் நாளுக்கு ஆறேழு நிமிடம் வீதம் நீளத் தொடங்குகிறது. மார்ச்சில் கூரையிலிருந்து சொட்டும் முதல் துளி. ஒரு நாள் மதியம் வெப்பநிலை உறைநிலையைத் தாண்டும். டெக்சாஸ்காரப் பிள்ளைகள் கூண்டின் சின்னக் கதவைத் திறந்து, பனிமேல் ஒரு பாதை போல வைக்கோலைத் தூவி வைக்கிறார்கள். கொண்டை நுனி கருத்து உதிர்ந்த சேவல் முதலில் வருகிறது. பின்னால் பத்துக்கு எட்டாக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோழிகள். வைக்கோல் முடிகிற இடம் வரை வரிசையாக நடந்து வந்து, அடுத்து வெறும் பனி என்று தெரிந்ததும், ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நிற்கின்றன.